டெராஃபார்மா, புலுமியா, கிளவுட்ஃபார்மேஷனா: சின்ன டீமுக்கு எது ஒத்துவரும்?

கேள்வி: கோவையில் ஜவுளிக் கடைகளுக்கான ஸ்டாக், பில்லிங் மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். டெவலப்பர்கள் ஆறு பேர். சர்வர் பக்கம் பார்ப்பது நானும் இன்னொருவரும்தான். எல்லாமே அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜனில், மூன்று வருடமாக கன்சோல் என்ற இணையப் பக்கத்தில் கையால் கிளிக் செய்து உருவாக்கியது. டிஎன்எஸ் (இணையப் பெயர்களை முகவரிகளோடு சேர்க்கும் அமைப்பு) மட்டும் கிளவுட்ஃப்ளேர் என்ற வேறு நிறுவனத்தில். ஆரம்பத்தில் இதையெல்லாம் அமைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சமீபத்தில் புரொடக்‌ஷன் மாதிரியே ஒரு ஸ்டேஜிங், அதாவது நிஜத்தில் ஓடுவதைப் போன்ற சோதனைச் சூழல், வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் போராடியும் ஏதோ ஒன்று இடிக்கிறது. இதற்கிடையே ஒரு பெரிய வாடிக்கையாளர், சர்வர் அமைப்பில் யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பதிவு உண்டா என்று கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும், அதாவது எந்த சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை, கோடாக எழுதி ஒரு கருவியே உருவாக்கும்படி செய்துவிடலாம் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். எந்தக் கருவி என்பதில்தான் சண்டை. லீட் டெவலப்பர் டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதலாம், புலுமி எடுப்போம் என்கிறார். மேனேஜர், ஏடபிள்யூஎஸ்ஸிலேயே இலவசமாக கிளவுட்ஃபார்மேஷன் இருக்கும்போது வேறு எதற்கு என்கிறார். எனக்கு டெராஃபார்ம் கொஞ்சம் தெரியும். ஆனால் லைசன்ஸ் மாறிவிட்டது, ஐபிஎம் வாங்கிவிட்டது, இனி அதை நம்ப முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். நாளைக்கு மைக்ரோசாஃப்ட்டின் அஸூருக்குப் போக வேண்டி வந்தாலும் உதவுகிற கருவியாக இருந்தால் நல்லது. எதை எடுக்கலாம்? கூடவே, டெராஃபார்ம் சான்றிதழ் தேர்வு எழுதினால் பிரயோஜனம் உண்டா?

பதில்: முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓப்பன்டோஃபு எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த டெராஃபார்ம்தான் அது. பெயரும் லைசன்ஸும் வேறு. டெராஃபார்ம் என்ற பெயரே வேண்டும் என்று அலுவலகத்தில் யாராவது பிடிவாதம் பிடித்தால் விட்டுக்கொடுத்துவிடுங்கள், பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. புலுமியும் கிளவுட்ஃபார்மேஷனும் நல்ல கருவிகள்தான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் நிலைமைக்கு அவை சரியாகப் பொருந்தவில்லை.

கடிதத்தில் என் கண்ணில் பட்டது கருவிச் சண்டை அல்ல. இரண்டு வாரம் போராடியும் ஸ்டேஜிங் புரொடக்‌ஷன் மாதிரி வரவில்லை என்ற வரிதான். அப்படியென்றால் உங்கள் புரொடக்‌ஷனில் என்ன இருக்கிறது என்பது இன்று யாருக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்தவர் போய்விட்டார். எனவே நீங்கள் தேடுவது புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கான கருவி அல்ல. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை, நிறுத்தாமல், கோடுக்குள் கொண்டுவர உதவும் கருவி. அதையும் சர்வர் பார்க்கிற இரண்டே பேர் அன்றாட வேலைக்கு நடுவே செய்யப் போகிறீர்கள். இந்த இரண்டு அளவுகோலையும் வைத்துத்தான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

மேனேஜர் சொல்வதிலிருந்து ஆரம்பிக்கலாம். கிளவுட்ஃபார்மேஷன் 2011 முதல் இருக்கிறது. ஏடபிள்யூஎஸ்ஸின் சொந்த வளங்களுக்கு (சர்வர், டேட்டாபேஸ் போன்றவை) அதைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் கிடையாது என்பதும் உண்மைதான். அதன் பெரிய வசதி, எதை உருவாக்கினோம் என்ற கணக்கை ஏடபிள்யூஎஸ்ஸே வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கை எழுதிவைக்கும் ஸ்டேட் ஃபைலை எங்கே வைப்பது, யார் பூட்டுவது என்ற தலைவலியே இல்லை. பாதியில் ஏதாவது தோற்றால் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பப் பார்க்கும். கையால் உருவாக்கியவற்றை ஸ்கேன் செய்து டெம்ப்ளேட் (கிளவுட்ஃபார்மேஷன் படிக்கும் விவர ஃபைல்) எழுதித் தரும் ஜெனரேட்டர் ஒன்றையும் 2024இல் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தத் திரும்பும் வேலையே தோற்றுப்போகிற நாள் ஒன்று வரும். ஸ்டாக் (ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து உருவான வளங்களின் தொகுப்பு) முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. எந்த வளத்தைத் தாண்டிப் போகச் சொல்வது என்று கன்சோலில் உட்கார்ந்து நாம் ஊகிக்க வேண்டும். சர்வர் அனுபவம் உள்ள பெரிய டீம் இருந்தால் சமாளித்துவிடலாம். அதைவிட நேரடியான காரணம் ஒன்று உண்டு: உங்கள் டிஎன்எஸ் கிளவுட்ஃப்ளேரில் இருக்கிறது. ஸ்டேஜிங் எழுப்பும்போது லோட் பேலன்சரின் (வருகிற கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) பெயரை டிஎன்எஸ்ஸில் போட வேண்டும், இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழுக்கான சரிபார்ப்பு ரெக்கார்டு போட வேண்டும். இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் இருக்கும் கண்ணியைக் கையால் செய்தால், எது இடிக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறீர்களோ அதே இடத்தில் மறுபடியும் இடிக்கும். கிளவுட்ஃபார்மேஷனில் வெளியார் வளங்களைச் சேர்க்க வழி இருக்கிறது. இருந்தும் அது அந்தக் கருவியின் இயல்பான பாதை அல்ல.

உங்கள் கம்பெனி முழுக்க முழுக்க ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் இருந்து, டெவலப்பர்களே சர்வர் பக்கமும் பார்த்திருந்தால் ஏடபிள்யூஎஸ்ஸின் சிடிகே என்ற கருவியைச் சொல்லியிருப்பேன். 2019இல் வந்தது. டைப்ஸ்கிரிப்ட்டில் எழுதினால் அடியில் கிளவுட்ஃபார்மேஷன் டெம்ப்ளேட்டாக மாற்றிக் கொடுக்கும். லீட் டெவலப்பருக்கும் மேனேஜருக்கும் ஒரே நேரத்தில் சந்தோஷம். ஆனால் உங்கள் நிலைமை அது இல்லையே.

அடுத்து புலுமி. 2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, திறந்த மூலம், டைப்ஸ்கிரிப்ட், பைதான், கோ என்று உண்மையான நிரல் மொழிகளில் எழுதலாம். லூப் போடலாம், டெஸ்ட் எழுதலாம், எடிட்டரே பிழையைக் காட்டும். ரகசியம் என்று குறித்த மதிப்புகளை ஸ்டேட்டில் மறைகுறியாக்கி வைப்பது அங்கே உண்டு. அதன் புரொவைடர்கள் (ஒவ்வொரு கிளவுட் சேவையோடும் பேசும் இணைப்புகள்) பலவும் டெராஃபார்ம் புரொவைடர்களின் மேல் பாலம் போட்டுக் கட்டியவை என்பதால், எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லீட் டெவலப்பரின் ஆசையில் தப்பே இல்லை.

எனக்குள்ள தயக்கம் வேறு. முழு நிரல் மொழி கையில் இருந்தால் கெட்டிக்காரர்கள் கிளாஸ், அதற்குள் கிளாஸ், எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ஃபேக்டரி என்று கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எழுதும்போது அழகாகத்தான் இருக்கும். ஒன்றரை வருடம் கழித்து, எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போன பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு செக்யூரிட்டி குரூப்பில் (சர்வருக்கு யார் எந்த வழியாக வரலாம் என்ற விதிகள்) எந்த போர்ட் திறந்திருக்கிறது என்று பார்க்க நாலு ஃபைலைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும். ஆள் போய்விட்டால் அறிவும் போய்விடுகிற கஷ்டத்தை நீங்கள் இப்போதுதான் அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள். டெராஃபார்மும் ஓப்பன்டோஃபுவும் பயன்படுத்தும் எச்சிஎல் சலிப்பூட்டும் மொழி. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதவைக்கும். ஆனால் ஃபைலைத் திறந்தால் என்ன இருக்கிறது என்பது அப்படியே தெரியும். இரண்டு பேர் டீமுக்கு அந்தச் சலிப்பு ஒரு வரம் என்றே சொல்வேன்.

சர்வருக்குள்ளே பேக்கேஜ் போடுவது, கான்ஃபிக் ஃபைல் வைப்பது போன்ற வேலைகளுக்கு ஆன்சிபிள் என்ற கருவியை ஏற்கெனவே வைத்திருந்தால் அதை விட்டுவிட வேண்டாம். அது சர்வருக்கு உள்ளே. நாம் பேசுவது சர்வருக்கு வெளியே.

சரி, லைசன்ஸ் பயம். இதில் உண்மையும் வதந்தியும் கலந்து கிடக்கிறது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2014இல் டெராஃபார்மை வெளியிட்டபோது அது எம்பிஎல் 2.0 என்ற திறந்த மூல லைசன்ஸில் இருந்தது. 2023 ஆகஸ்டில் அதை பிசினஸ் சோர்ஸ் லைசன்ஸுக்கு மாற்றினார்கள். கோடை யாரும் பார்க்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் ஹாஷிகார்ப்பின் வியாபாரத்துக்குப் போட்டியாக அதையே வைத்து ஒரு சேவை விற்கக் கூடாது என்பது அதன் சாரம். உங்கள் சொந்த சர்வர்களை நிர்வகிக்க எந்தத் தடையும் இல்லை. நீங்கள் விற்பது பில்லிங் மென்பொருள். ஒவ்வொரு பதிப்பும் வெளியான நான்கு வருடத்தில் எம்பிஎல்லுக்கு மாறிவிடும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஏடபிள்யூஎஸ் புரொவைடர் போன்றவை இன்னமும் எம்பிஎல்லில்தான் இருக்கின்றன. ஆகவே 'டெராஃபார்ம் பயன்படுத்தினால் கேஸ் போடுவார்கள்' என்று யாராவது சொன்னால், லைசன்ஸைப் படிக்காமல் பேசுகிறார்கள் என்று அர்த்தம்.

அந்த மாற்றத்துக்கு எதிராகக் கிளம்பியவர்கள் கடைசி எம்பிஎல் கோடிலிருந்து தனியே பிரித்தெடுத்ததுதான் ஓப்பன்டோஃபு. 2023 செப்டம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் வந்தது. 2024 ஜனவரியில் 1.6 என்ற முதல் நிலையான பதிப்பு வெளியானது. ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக ஐபிஎம் 2024 ஏப்ரலில் அறிவித்து, 2025 பிப்ரவரியில் வாங்கி முடித்தது. ஐபிஎம் வாங்கினாலே ஒரு பொருள் செத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆன்சிபிள் வைத்திருந்த ரெட் ஹாட்டும் 2019 முதல் அவர்களிடம்தான் இருக்கிறது, ஆன்சிபிள் நன்றாகவே ஓடுகிறது.

பின்னே எதற்கு ஓப்பன்டோஃபு? இரண்டு காரணம். வாடிக்கையாளரின் தணிக்கைக் கேள்வித்தாளில், பயன்படுத்தும் மென்பொருள்களின் லைசன்ஸ் பற்றிய பகுதி பெரும்பாலும் இருக்கும். திறந்த மூலம் என்று ஒரே சொல்லில் முடிகிற பதிலுக்கும், வக்கீலைக் கேட்டு விளக்கம் எழுதுகிற பதிலுக்கும் சின்ன கம்பெனியில் நிறைய வித்தியாசம் உண்டு. இரண்டாவது, ஸ்டேட் ஃபைலை மறைகுறியாக்கி வைக்கும் வசதி ஓப்பன்டோஃபுவில் 2024இல் வந்த 1.7 முதலே உள்ளுக்குள் இருக்கிறது. டெராஃபார்மில் இதைச் சேமிக்கும் இடத்தின் பொறுப்புக்கு விட்டுவிட்டார்கள். ஹாஷிகார்ப்பின் கட்டணச் சேவையை வாங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் கணக்கு மாறும்; அங்கே டெராஃபார்ம்தான் ஓடும், ஓப்பன்டோஃபு ஓடாது.

ஒரு எச்சரிக்கை. ஆரம்பத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. இப்போது ஒவ்வொன்றும் மற்றதில் இல்லாத வசதிகளைச் சேர்த்துக்கொண்டு போகிறது. ஒருவர் லேப்டாப்பில் டெராஃபார்ம், இன்னொருவரிடம் ஓப்பன்டோஃபு என்று கலந்து ஓட்டாதீர்கள். எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்பதை ரெப்போவிலேயே (கோடு இருக்கும் இடம்) எழுதிப் பூட்டிவிடுங்கள். புரொவைடர் பதிப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைலையும் கிட்டில் (கோடின் மாற்ற வரலாற்றை வைக்கும் கருவி) சேருங்கள். அதைக் குப்பை என்று நினைத்து விலக்கி வைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அஸூர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஏடபிள்யூஎஸ்ஸுக்கு எழுதிய கோடு அஸூரில் ஓடாது. டெராஃபார்ம், ஓப்பன்டோஃபு, புலுமி எதில் எழுதினாலும் ஓடாது. ஏடபிள்யூஎஸ்ஸின் செக்யூரிட்டி குரூப்பும் அஸூரின் நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப்பும் பெயரில்தான் உறவினர்கள். உள்ளே விதிகள் வேலை செய்யும் விதம் வேறு. உங்களுக்கு மிஞ்சுவது மொழியும் வேலை செய்யும் முறையும்தான். அதுவும் சின்ன லாபம் இல்லை. ஆனால் 'எந்த கிளவுடிலும் ஓடும்' என்று மேனேஜருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இனிமேல் சொல்லப் போவதுதான் கருவியைவிட அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம்: ஸ்டேட் ஃபைல். நிலம் வயலில் கிடக்கிறது, அது யார் பேரில் என்பது பட்டாவில் இருக்கிறது அல்லவா, அந்தப் பட்டாதான் ஸ்டேட். கோடில் நீங்கள் எழுதிய பெயருக்கும் ஏடபிள்யூஎஸ்ஸில் ஓடும் உண்மையான சர்வரின் ஐடிக்கும் உள்ள தொடர்பு அந்த ஜேசன் ஃபைலில்தான் இருக்கிறது. அது தொலைந்தால் சர்வர்கள் எங்கும் போகாது. ஆனால் எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொண்டு கருவி எல்லாவற்றையும் புதிதாக உருவாக்கப் பார்க்கும்.

அதற்குள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகவே இருக்கலாம். எனவே கிட்டில் சேர்க்கவே கூடாது. தனியாக ஒரு எஸ்3 பக்கெட் (ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் சேமிப்பிடம்), வெர்ஷனிங் (பழைய பதிப்புகளையும் வைத்திருப்பது) போட்டது, பொது அணுகல் முழுதாக மூடியது, அதை நீங்கள் இருவரும், மாற்றங்களைத் தானாக ஓட்டும் சிஐயும் மட்டும் தொட முடியும் என்று ஐஏஎம்மில் (யாருக்கு என்ன அனுமதி என்பதை வைக்கும் இடம்) கட்டியது. இருவரும் ஒரே நேரத்தில் அப்ளை (கோடில் எழுதியதை நிஜமாக்கும் கட்டளை) கொடுத்துவிடாமல் இருக்கப் பூட்டு வேண்டும். முன்பெல்லாம் இதற்காக ஏடபிள்யூஎஸ்ஸின் டைனமோடிபி டேட்டாபேஸில் ஒரு டேபிள் வைப்பார்கள். பழைய வழிகாட்டிகள் இன்னமும் அதைத்தான் சொல்லும். 2024 ஆகஸ்டில் எஸ்3யே நிபந்தனையுடன் எழுதும் வசதியைக் கொண்டுவந்த பிறகு அந்த டேபிள் தேவையில்லை. டெராஃபார்ம், ஓப்பன்டோஃபு இரண்டிலுமே 1.10 முதல் பக்கெட்டுக்குள்ளேயே லாக் ஃபைல் வைத்துக்கொள்ளலாம், ஒரு வரி போதும். இந்த பக்கெட்டை மட்டும் கையால் உருவாக்குங்கள். ஸ்டேட்டை வைக்கும் பக்கெட்டை அதே ஸ்டேட்டால் நிர்வகிப்பது வீண் சுற்று. ஓப்பன்டோஃபுவின் மறைகுறியாக்கத்தையும் போட்டால், சாவியை ஏடபிள்யூஎஸ் கேஎம்எஸ்ஸில் வையுங்கள். அந்தச் சாவி போனால் ஸ்டேட்டும் போச்சு என்பதை நினைவில் வையுங்கள்.

பாஸ்வேர்டு ஸ்டேட்டுக்குள் வராமலே செய்யவும் வழி உண்டு. ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் மாஸ்டர் பாஸ்வேர்டை அதுவே சீக்ரெட்ஸ் மேனேஜரில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். டேட்டாபேஸ் ஆர்டிஎஸ்ஸில் இருந்தால் அதைச் செய்யுங்கள். முன்பே அப்ளிகேஷனும் அங்கிருந்து பாஸ்வேர்டைப் படிக்கிற மாதிரி மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்வேர்டு மாறிய அன்று பில்லிங் நின்றுவிடும்.

எல்லாவற்றையும் ஒரே ஸ்டேட்டில் கொட்டாதீர்கள். நெட்வொர்க் தனி, டேட்டாபேஸ் தனி, அப்ளிகேஷன் சர்வர்கள் தனி, டிஎன்எஸ் தனி. அப்ளிகேஷன் பக்கம் தினமும் மாறும். டேட்டாபேஸ் பக்கம் மாதக்கணக்கில் மாறாது. தினமும் மாறுவதைத் தொடுகிறவரின் கையெட்டும் தூரத்தில் டேட்டாபேஸ் இருக்கக் கூடாது. ஸ்டேஜிங்கையும் புரொடக்‌ஷனையும் வொர்க்ஸ்பேஸ் என்ற வசதியால் பிரிக்கச் சொல்லும் கட்டுரைகள் நிறைய. நான் சொல்ல மாட்டேன். எந்த வொர்க்ஸ்பேஸில் நிற்கிறோம் என்பது கண்ணில் படாது. தனித்தனி ஃபோல்டர் வையுங்கள், முடிந்தால் தனித்தனி ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட். கோடு கொஞ்சம் இரட்டிக்கும், இரட்டிக்கட்டும்.

அப்புறம் இம்போர்ட், அதாவது ஏற்கெனவே இருப்பதைக் கோடுக்குள் கொண்டுவருவது. 2023இல் வந்த டெராஃபார்ம் 1.5 முதல், எந்த ஐடியை எந்தப் பெயரில் சேர்க்க வேண்டும் என்று கோடிலேயே எழுதிவிட்டு, மீதிக் கோடை அதுவே எழுதித் தரும்படி கேட்கலாம். ஓப்பன்டோஃபுவிலும் அதே. அது எழுதித் தருவது அழகாக இருக்காது. தேவையில்லாத இயல்பு மதிப்புகளும், ஒன்றோடொன்று மோதும் வரிகளும் கலந்திருக்கும். உட்கார்ந்து சுத்தம் செய்ய வேண்டும். மாற்றம் எதுவும் இல்லை என்று பிளான் (என்ன மாறப் போகிறது என்று முன்கூட்டியே காட்டும் கட்டளை) சொல்லும் வரை அப்ளை பக்கமே போகாதீர்கள். இந்த வேலையில் உங்கள் இலக்கு அந்த ஒரே வாக்கியம்தான்.

வரிசை முக்கியம். செக்யூரிட்டி குரூப்களில் ஆரம்பியுங்கள். கையால் கட்டிய அக்கவுண்ட்டுகளில் ஸ்டேஜிங் புரொடக்‌ஷன் போல வராததற்குக் காரணம் பெரும்பாலும் அங்கே அல்லது ஐஏஎம் ரோல்களில்தான் கிடைக்கிறது: எப்போதோ யாரோ அவசரத்துக்குத் திறந்த ஒரு போர்ட், ஒரு ரோலில் நேரடியாக ஒட்டவைத்த ஒரு பாலிசி. இவற்றைக் கோடாகப் பார்த்தவுடனேயே உங்கள் இரண்டு வாரப் புதிருக்கு விடை கிடைத்துவிட வாய்ப்பு அதிகம். பிறகு ஐஏஎம், பிறகு கிளவுட்ஃப்ளேர், பிறகு விபிசி (ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் உங்கள் தனி நெட்வொர்க்), லோட் பேலன்சர், சர்வர்கள். டேட்டாபேஸ் கடைசியில். கை பழகும் வரை அதைத் தொட அவசரமே இல்லை. இணையத்தில் கிடைக்கும் தயார் மாட்யூல்களை (திரும்பப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்புகள்) இந்தக் கட்டத்தில் தவிருங்கள். அவை புதிதாகக் கட்டுபவர்களுக்கு வசதி. ஏற்கெனவே இருப்பதை அவற்றின் அச்சில் திணிக்கப் பார்த்தால் பிளானில் சிவப்பும் பச்சையுமாக நிற்கும். வெறும் ரிசோர்ஸ்களாக எழுதுங்கள். சொந்த மாட்யூல்களை ஸ்டேஜிங் கட்டும்போது யோசிக்கலாம்.

பிளானைப் படிக்கிற பழக்கத்தை இரண்டு பேரும் வளர்த்துக்கொள்ள வேண்டும். கீழே வருகிற மொத்தக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு 'யெஸ்' அடிப்பவர்கள்தான் அதிகம். நீங்கள் தேட வேண்டியது -/+ என்ற குறி. அழித்துவிட்டுப் புதிதாகச் செய்யப் போகிறேன் என்று அர்த்தம். எந்த வரியால் அப்படி ஆகிறது என்பதையும் அதே இடத்தில் காட்டும். ஆர்டிஎஸ்ஸில் சேமிப்பை மறைகுறியாக்குவது என்ற ஒரே ஒரு வரியை மாற்றிப் பாருங்கள், டேட்டாபேஸையே அழித்துப் புதிதாக வைக்கத் திட்டம் போடும். சர்வரில், அது எந்த இமேஜிலிருந்து கிளம்புகிறது என்று சொல்லும் ஏஎம்ஐயில், இன்னொரு பொறி உண்டு. 'எப்போதும் புத்தம் புது ஏஎம்ஐ எடு' என்று எழுதினால், அமேசான் புதிய இமேஜ் வெளியிட்ட பிறகு சம்பந்தமே இல்லாத மாற்றத்துக்குப் பிளான் போடும்போதுகூட, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை மாற்றப் போகிறேன் என்று வந்து நிற்கும். ஏஎம்ஐ ஐடியை நேரடியாக எழுதுங்கள். மாற்ற வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யும் அன்று மாற்றுங்கள்.

ஒரே மாதிரியான பல பொருள்களை உருவாக்கும்போது கவுண்ட் வேண்டாம், ஃபார்-ஈச் போடுங்கள். கவுண்ட் வரிசை எண்ணை வைத்து அடையாளம் காண்கிறது. பட்டியலின் நடுவில் ஒன்றை நீக்கினால் பின்னால் இருப்பவை எல்லாம் ஒரு படி நகர்ந்து, தேவையே இல்லாமல் மாற்றப்படும். ஃபார்-ஈச்சில் பெயர்தான் அடையாளம்.

டேட்டாபேஸுக்குக் கோடில் பிரிவென்ட் டெஸ்ட்ராய் என்று போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அந்த வரி கோடுக்குள்தான் இருக்கிறது. யாராவது அந்த பிளாக் முழுவதையும் நீக்கிவிட்டால் காவலும் சேர்ந்தே போய்விடுகிறது. இனி இது வேண்டாம் போலிருக்கிறது என்று கருவி அழிக்கத் தயாராகிவிடும். ஏடபிள்யூஎஸ் பக்கத்திலேயே இருக்கும் டெலிஷன் புரொடெக்‌ஷனையும் போடுங்கள். ஒன்றை அழிக்காமல் கணக்கிலிருந்து மட்டும் விடுவிக்க வேண்டும் என்றால் அதற்கென்றே ரிமூவ்டு என்ற பிளாக் இருக்கிறது.

தணிக்கைக் கேள்விக்கு வருவோம். மாற்றங்கள் எல்லாம் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்க ஒப்புதல் கேட்கும் கோரிக்கை) வழியாகப் போகட்டும். ஒருவர் எழுத, மற்றவர் பிளானைப் படித்து ஒப்புதல் தர, அப்ளை மட்டும் சிஐயிலிருந்து ஓடட்டும். கோடு கிட்ஹப்பில் இருந்தால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் போதும், இதற்கென்று தனி சேவை வாங்க வேண்டாம். சிஐக்கு நிரந்தர ஆக்சஸ் கீ உருவாக்கி ஒட்டாதீர்கள். ஓஐடிசி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை மூலம் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குறுகிய நேர அனுமதி வாங்கும்படி அமைக்கலாம். யார், எதை, எப்போது, ஏன் என்பதற்கு கிட் வரலாறே பதில். ஆனால் கன்சோலில் நேரடியாக நடந்ததை கிட் சொல்லாது, அதற்கு ஏடபிள்யூஎஸ்ஸின் செயல் பதிவேடான கிளவுட்ட்ரெயில் வேண்டும். அதன் ஈவன்ட் ஹிஸ்டரி 90 நாள்தான் காட்டும். இன்றே ஒரு ட்ரெயில் உருவாக்கி எஸ்3யில் சேரவிடுங்கள். வாடிக்கையாளர் போன வருடத்து மாற்றத்தைக் கேட்டால் அப்போது புதிதாக உருவாக்கிக் காட்ட முடியாது.

கன்சோலை யாரும் தொடவே கூடாது என்று சட்டம் போட வேண்டாம், அது நிற்காது. சாதாரண நாளில் எல்லோருக்கும் பார்க்கும் அனுமதி மட்டும். சர்வர் படுத்துவிட்ட ராத்திரிக்குத் தனியாக ஒரு ரோல். மறுநாள் காலையில், செய்த மாற்றத்தைக் கோடிலும் எழுதிவிட வேண்டும். மறந்துவிட்டால் காட்டிக்கொடுக்க, தினமும் இரவில் சிஐயில் பிளான் மட்டும் ஓடவிடுங்கள். மாற்றம் இருந்தால் வேறு எண்ணோடு முடியும்படி ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அந்த எண் 2 ஆக வந்தால் உங்களுக்கு மெசேஜ் வரும்படி வையுங்கள்.

ஏஐ உதவியாளர்களிடம் எச்சிஎல் எழுதி வாங்குவது இப்போது சகஜம். நானும் வாங்குகிறேன். இல்லாத ஆர்க்யுமென்ட்டை அது கற்பனை செய்தால் வேலிடேட் கட்டளை பிடித்துவிடும். ஆனால் செக்யூரிட்டி குரூப்பில் 0.0.0.0/0 என்று எழுதி ஊர் உலகத்துக்கே திறந்துவிட்டால் அது இலக்கணப்படி சரியான கோடுதான், வேலிடேட் வாயே திறக்காது. இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடும் செக்கோவ் போன்ற ஸ்கேனர் ஒன்றை சிஐயில் சேர்த்துவிடுங்கள்.

லீட் டெவலப்பரை எதிரியாக்கிக்கொள்ளாதீர்கள். எழுத ஆசைப்படும் ஆள் கிடைப்பது அரிது. ஸ்டேஜிங்குக்கான முதல் மாட்யூலை அவரையே எழுதச் சொல்லுங்கள், ரிவ்யூ நீங்கள் செய்யுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: உங்கள் கூட இருக்கும் அந்த இன்னொருவர் விளக்கம் கேட்காமல் படித்துப் புரிந்துகொண்டால்தான் மெர்ஜ்.

மேனேஜருக்குக் காலம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு பேர், அன்றாட வேலைக்கு நடுவே என்றால் ஒரு காலாண்டு கேளுங்கள். செலவு என்று பார்த்தால் ஓப்பன்டோஃபுவுக்குக் காசு இல்லை. பக்கெட், கேஎம்எஸ், ட்ரெயில் எல்லாம் சேர்த்தாலும் உங்கள் ஏடபிள்யூஎஸ் பில்லில் கண்ணுக்குத் தெரியாத தொகைதான். உண்மையான செலவு உங்கள் இருவரின் நேரம். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

சான்றிதழ் தேர்வு: ஹாஷிகார்ப் நடத்தும் அசோசியேட் தேர்வு டெராஃபார்முக்கானது, அவர்களுடைய கட்டணச் சேவை பற்றிய கேள்விகளும் அதில் வரும். மீதிப் பாடம், அதாவது ஸ்டேட், மாட்யூல், பிளான், அப்ளை, ஓப்பன்டோஃபுவுக்கும் அப்படியே பொருந்தும். வேலை மாறும் எண்ணம் இருந்தால் ரெஸ்யூமேயில் அந்த வரி உதவும். கம்பெனி பணம் கட்டினால் தாராளமாக எழுதுங்கள். சொந்தப் பணம் என்றால், முதலில் செக்யூரிட்டி குரூப் இம்போர்ட்டை முடித்துவிட்டு எழுதுங்கள். படிக்க வேண்டியதில் பாதி அதற்குள்ளேயே கைக்கு வந்திருக்கும்.